சவரும் ஷவரும்

எதையும் இரண்டு தரம் விசாரித்துச் செய்கிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு சொல்லை விசாரிக்காமல் விட்டுவிட்டேன்.

தங்கச்சி சரசு கசூரினா கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறாள். அவள் அயலவர் ஒருவர் இணுவில் சந்தையில் என்னைக் கண்டு சொன்னார்: “தங்கச்சியின்ரை கிணத்தடியிலை சவர் வந்திட்டுது. உங்களை ஒருக்கா வரட்டாம்.”

ஷவர்! உல்லாசப் பயணிகள் பஸ் பஸ்ஸாக வந்திறங்கும் இடம்... அவளுக்கும் வசதி வந்துவிட்டதாக்கும். வெறுங்கையோடு போகலாமா? ஒரு துவாயும் வாசனைச் சவர்க்காரமும் வாங்கிக்கொண்டு போனேன்.

தேத்தண்ணி தந்தாள். ஒரு வாய்தான் குடித்தேன்.

“என்னடி, சீனியெண்டு உப்பைப் போட்டிட்டியோ?”

“நான் போடேல்லை அண்ணை, கடல் போட்டது. கிணறு சவராப் போச்செண்டு சொல்லிவிட்டனே!”

சவர் — உப்புக் கரிக்கும் தண்ணீர். நல்ல தமிழ்ச் சொல். எனக்கு இங்கிலீஷாகக் கேட்டிருக்கிறது!

பொதியைப் பிரித்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஷவரும் இருக்கு அண்ணை. மதிலுக்கு அங்காலை.”

அங்காலை புது விடுதி. கடலில் குளித்தவர்கள் உடம்பு உப்புப் போக ஷவரில் நிற்கிறார்கள். மோட்டர் பகல் முழுக்க இழுக்கிறது. நல்ல தண்ணீர் குறையக் குறைய, நிலத்துக்குக் கீழாலே கடல் வருகிறது.

“போய்க் கேட்டிட்டு வாறன்!” எழும்பினேன்.

“ஆரிட்டைக் கேக்கப்போறியள்? மோட்டர் போடுறதே இவர்தான்.”

அவள் புருஷன் பொன்னம்பலம் தலையைச் சொறிந்தார். “என்ரை கடையை ஒரேயடியாப் பூட்டினாப்பிறகு கிடைச்ச வேலை மச்சான். நான் விட்டால் நாளைக்கே வேறை ஆளைப் போடுவினம். விடட்டோ? நீங்கள் சொல்லுங்கோ.”

வேலையை விட்டால் உலையில் போட அரிசி இல்லை. விடாவிட்டால்... உலைக்குத் தண்ணீர் இல்லை.

பின்னேரம் அவர் விடுதியிலிருந்து ஒரு கான் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். வெளியிலிருந்து பவுசர் லொறியில் வந்ததாம் — அங்கேயும் சவர் தட்டத் தொடங்கிவிட்டது. “முதலாளி நல்ல மனிசன் அண்ணை. குடிக்கவெண்டு தாறார்” என்று சரசு மெச்சினாள். ஓம் என்பதா, இல்லை என்பதா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

புறப்பட முன் கிணற்றடியில் முகம் கழுவினேன். புதுச் சவர்க்காரம் நுரைக்கவேயில்லை.

தங்கச்சி வீட்டுக்கு இனி என்ன கொண்டுபோவது என்பதில் மட்டும் எனக்குக் குழப்பமில்லை... இணுவிலில் என் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு கான் தண்ணீர்!