மூன்றாவது ஸ்லாட்

எங்கள் கம்ப்யூட்டரில் மூன்று கார்டுகளுக்குத்தான் இடம் இருந்தது. ஒரு ஸ்லாட்டில் டிஸ்ப்ளே கார்டு. அது இல்லாவிட்டால் திரையில் ஒன்றும் தெரியாது. இன்னொன்றில் ஹார்டு டிஸ்க்கை இயக்கும் கார்டு. மீதி ஒரே ஒரு ஸ்லாட். அதில் சவுண்ட் கார்டைப் போடுவதா, மோடத்தைப் போடுவதா என்று நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு வாரமாகச் சண்டை போட்டோம்.

தொண்ணூறுகளின் பின்பாதி. ராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பித்திருந்தோம். சென்டர் என்ற பெயர்தான் பெரிது, உள்ளே இருந்தது ஒன்றே ஒன்று. மதுரையில் ஏதோ ஆபீசில் கழித்துப் போட்ட பழைய பெட்டி. மானிட்டரைத் தலையில் சுமந்துகொண்டு படுத்துக் கிடக்கும் அந்தக் காலத்து மாடல். நான் மதுரையில் டிப்ளமோ படித்தவள். அவர் ஊரில் மிளகாயும் நெல்லும் போட்டு, மழை ஏமாற்றி ஏமாற்றி, நிலத்தைச் சும்மா போட்டுவிட்டு என்னோடு கிளம்பி வந்தவர்.

அவர் பெயருக்குச் சவுதி விசா வந்திருந்தது. மெடிக்கல்கூட முடிந்துவிட்டது. போகிறாரா இல்லையா என்று மதுரை ஏஜெண்ட் ஆள் மேல் ஆள் விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். "விஜயதசமி முடியட்டும், பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்று அவர் சொல்லிவிட்டார். பிள்ளைகளைப் புதிதாக எதில் சேர்ப்பதென்றாலும் விஜயதசமியன்று சேர்ப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அன்று நாலு பிள்ளைகள் வந்து சேர்ந்தால் அவர் இங்கே இருப்பார், இல்லாவிட்டால் சவுதி. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அவர் போகக்கூடாது. எங்கள் தெருவில் புருஷன் சவுதியில் இருந்த பெண்களெல்லாம் எஸ்.டி.டி. பூத் வாசலில்தான் குடும்பம் நடத்தினார்கள். எனக்கு அந்தப் பிழைப்பு வேண்டாம்.

அதனால்தான் அந்த ஒரு ஸ்லாட்டுக்கு அத்தனை அடிபிடி. சவுண்ட் கார்டு இருந்தால் பெட்டி பாடும், பெற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள் என்பது அவர் கட்சி. இண்டர்நெட் வரப்போகிறது, மோடம் இருந்தால் இந்த ஊரிலேயே நாம்தான் முதல் என்பது என் கட்சி. டெலிபோன் இணைப்பே இல்லாமல் மோடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று அவர் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தில் ஒரு வேளை சாப்பிடவில்லை. கேள்வி நியாயமானது என்பதால் கோபம் கூடுதலாக வந்தது. மதுரைக் கடைக்காரர் எங்கள் சண்டையைப் பார்த்துச் சலித்து, இரண்டையும் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள், வேண்டாததைத் திருப்பிக் கொடுங்கள் என்று அனுப்பி வைத்தார்.

சரஸ்வதி பூஜையன்று காலையில் பெட்டியைத் திறந்து கார்டுகளையெல்லாம் வெளியே எடுத்தேன். கார்டின் அடி விளிம்பில் தங்கமுலாம் பூசிய பல்வரிசை உண்டு. அதுதான் ஸ்லாட்டுக்குள் போய்க் கவ்வ வேண்டிய இடம். எங்கள் ஊர் உப்புக் காற்றில் அது சீக்கிரமே மங்கிவிடும், பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தால் மறுபடி மின்னும். நான்கு கார்டுகளையும் தேய்த்து வாழை இலையில் வரிசையாக வைத்தேன். எதை மாட்டுவது என்று மட்டும் முடிவாகவில்லை. அதற்குள் என் மாமியார் சாமான்களோடு வந்து பூஜையை ஆரம்பித்துவிட்டார்.

பொரிகடலையைத் தட்டில் எடுத்துவர உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் கதவு, நாற்காலி, கீபோர்டு, மானிட்டர் எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். அதோடு விட்டாரா? நான்கு கார்டுகளிலும், சொல்லிவைத்தாற்போல, அந்தப் பல்வரிசையின் மேலேயே கட்டிச் சந்தனம்.

"அத்தே, அங்கன ஏன் வச்சீக?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"தங்கமாட்டம் மினுங்குதே தாயி. அங்கன வைக்காம வேற எங்கன வைக்க?" என்றார் அவர்.

உடனே துடைத்திருக்க வேண்டும். ஆனால் ஆயுத பூஜையில் வைத்த பொருளை மறுநாள் மறுபூஜை போடும்வரை தொடக்கூடாது. தொட்டால் அந்த வருஷம் தொழில் விளங்காது என்பார்கள். இதையெல்லாம் கேலி பேசுகிறவள் நான். கல்லூரியில் பூஜையில் வைத்த புத்தகத்தை வேண்டுமென்றே எடுத்துப் படித்திருக்கிறேன். அன்று மட்டும் கை நீளவில்லை. துடைக்கப்போய், அதனால்தான் அவருக்கு ஊரைவிட்டுப் போகும்படி ஆனது என்று ஆகிவிட்டால்? சந்தனம் காய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

விஜயதசமி விடிந்ததும் மறுபூஜை முடித்து ஒவ்வொரு கார்டாகத் துணியால் துடைத்தேன். அதற்குள் படியில் செருப்புச் சத்தம். உப்பூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஒரு மிளகாய்க் கமிஷன்காரர் மகளோடு வந்துவிட்டார். பின்னாலேயே இன்னும் இரண்டு குடும்பம். ராகுகாலத்துக்கு முன்னால் பிள்ளை எழுத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். நான் டிஸ்ப்ளே கார்டை முதல் ஸ்லாட்டில் வைத்து அழுத்தினேன். போகவில்லை. பலம் கொடுத்து அழுத்தினேன். நறநறவென்று உள்ளே போனது.

சுவிட்சைப் போட்டதும் ஒரு நீளமான பீப், பின்னாலேயே குட்டியாக இரண்டு. டிஸ்ப்ளே கார்டு வேலை செய்யவில்லை என்பதற்கு அந்தப் பெட்டியின் பாஷை அது. திரை இருட்டாகவே இருந்தது.

அணைத்துவிட்டுக் கார்டை உருவினேன். பல்வரிசையின் இடுக்கில் துணிக்குச் சிக்காமல் காய்ந்திருந்த சந்தனமெல்லாம் வழித்துக்கொண்டு ஸ்லாட்டுக்குள் இறங்கியிருந்தது. ஊதிப் பார்த்தேன். ஊசியால் கிளறினால் உள்ளே இருக்கும் கம்பி வளைந்துவிடும். பெட்டி பாடப்போகிறதென்று கேள்விப்பட்டோமே என்று ஒருவர் கேட்டார். என் வீட்டுக்காரர் ஒன்றும் நடக்காததுபோல வாசலில் நின்று, மழை எப்படி, மிளகாய் விலை எப்படி என்று பேச்சுக் கொடுத்தார். எல்லோருக்கும் கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். ஆட்களை நிறுத்திவைப்பதில் அவர் கெட்டிக்காரர் என்று அன்றுதான் கண்டேன். இந்த மனுஷனும் நானும் சேர்ந்தால் ஊரையே சமாளிக்கலாம் என்று நினைத்தேன்.

முதல் ஸ்லாட்டை மறந்துவிட வேண்டியதுதான். மிச்சம் இரண்டு. ஒன்று டிஸ்ப்ளேவுக்கு, ஒன்று ஹார்டு டிஸ்க்குக்கு. பாட்டும் கிடையாது, மோடமும் கிடையாது. இரண்டு வாரச் சண்டையை ஒரு விரல்நுனிச் சந்தனம் தீர்த்துவைத்துவிட்டது. ரப்பரை எடுத்து இரண்டு கார்டுகளையும் பல் பல்லாகத் தேய்த்தேன். டிஸ்ப்ளே கார்டை இரண்டாவது ஸ்லாட்டிலும் ஹார்டு டிஸ்க் கார்டை மூன்றாவதிலும் மாட்டியதும் திரையில் எழுத்து வந்தது, ஆனால் ஹார்டு டிஸ்க்கைக் காணோம் என்றது. கமிஷன்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பக்கத்து டைப்ரைட்டிங் வகுப்பிலாவது சேர்த்துவிட்டுப் போகலாமா என்று மகளிடம் மெதுவாகக் கேட்டார். எனக்குக் கேட்டுவிட்டது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அணைத்து, உருவி, தேய்த்து, மாட்டினேன்.

இந்த முறை ஹார்டு டிஸ்க் உறுமிக்கொண்டு எழுந்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

கமிஷன்காரர் மகளை உட்காரவைத்து, அவள் பெயரின் முதல் எழுத்தை ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னேன். கறுப்புத் திரையில் பச்சையாக ஒரு எழுத்து விழுந்தது. அவள் சிரித்தாள். பாட்டைப் பற்றி அதன்பின் யாரும் கேட்கவில்லை. ராகுகாலத்துக்குள் வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள். மத்தியானம் இன்னும் சிலர் வந்தார்கள். சாயங்காலம் கதவைச் சாத்தும்போது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அவர் பாயில் உட்கார்ந்து சவுண்ட் கார்டையும் மோடத்தையும் பழைய பேப்பரில் தனித்தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த ஸ்லாட்டப் பொறுமையாச் சுத்தம் பண்ணிரலாம். எந்தக் கார்டு வேணும்னு சொல்லு. மத்தத மதுரையில குடுத்துட்டு, அப்படியே ஏஜெண்ட்டப் பாத்துட்டு வாரேன்."

எனக்குப் புரியவில்லை. ஏஜெண்ட்டிடம் முடியாது என்று சொல்லத்தானே என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இது ஓடலைன்னா ஒன்னைய விட்டுட்டு எப்படிப் போவேன்? ஊர்ல போயி ஒக்காந்து என்ன செய்வ நீ? இனி கவலையில்ல. தனியாவே பாத்துக்கிருவ. அதப் பாக்கத்தான் விஜயதசமி வரைக்கும் இருந்தேன்."

காலையிலிருந்து நான் தேய்த்தது எதற்காக என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் ஒருவேளை இருந்திருப்பார். நிலத்தையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு, மனைவியின் கடையில் கலர் வாங்கிக் கொடுத்துக்கொண்டு. அப்படி ஒரு ஆளை நிறுத்திவைக்க எனக்கு மனசு வரவில்லை.

எந்தக் கார்டு என்று மறுபடி கேட்டார். எதையாவது கொடுத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைத்தேன்.