பெட்டி எப்ப எடுக்கிறது?

போன வாரம் என் கறிவேப்பிலைச் செடி இருதய மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

தண்ணீர் ஊற்றப் போனேன். தொட்டி மண்ணில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. குனிந்து பார்த்தால் பாதி கரைந்த மாத்திரை. பக்கத்தில் இன்னொன்று. விரலை விட்டுக் கிளறினேன்... உள்ளேயும் இருந்தன. எல்லாம் அப்பாவுடையவை. நானே எடுத்துக் கொடுத்து, தண்ணீர் டம்ளரையும் நீட்டி, “முழுங்கியாச்சாப்பா?” என்று கேட்டுவிட்டு நகரும் அதே மாத்திரைகள்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என்னைத் தெரியும். கவலைப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கேஸை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து, ஹைவே ஏறிய காரைத் திருப்பச் சொன்னவள். பிள்ளைகள் போன் எடுக்கவில்லை என்றால் மனசுக்குள்ளேயே ஆஸ்பத்திரி வரைக்கும் போய்வந்துவிடுவேன். அதெல்லாம் வீண் கவலை என்று எனக்கே தெரியும். இது அப்படி இல்லை.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கிளம்புகிற அன்று டாக்டர் என்னையும் தங்கை மாலாவையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அப்பாவின் இருதயம் பம்ப் பண்ணுவது ரொம்பக் குறைந்துவிட்டது. ஆபரேஷனை உடம்பு தாங்காது. மாத்திரையை விடாமல் போட்டு, உப்பையும் தண்ணீரையும் குறைத்தால் ஓட்டிக்கொண்டு போகலாம். மாத்திரையை விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அப்புறம் சொல்வதற்கில்லை.

நாங்கள் உள்ளே போய் அப்பாவிடம் என்ன சொன்னோம்?

“கொஞ்சம் வீக்கா இருக்காம்ப்பா. ரெஸ்ட் எடுத்தா சரியாயிருமாம்.”

சிரித்துக்கொண்டே சொன்னோம். நீங்கள் மட்டும் என்ன... நேருக்கு நேர் உட்கார்ந்து சொல்லியிருப்பீர்களா?

இனி என் வீட்டுக்காரர் கதை. கவலை வந்தால் நான் பேசுவேன். அவர் பேசமாட்டார், எதையாவது செய்ய ஆரம்பித்துவிடுவார். மகளுக்குப் பிரசவம் என்றபோது வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார். வலி விட்டு விட்டு வந்ததால் இரண்டு கோட் விழுந்தது. இந்தத் தடவை, காருக்கு வூஃபர்.

ஐம்பது தாண்டிய மனிதர். பெட்ரோல் ஸ்டேஷனில் பையன்களின் கார் பக்கத்தில் வந்து நின்று நம் நெஞ்சுக்கூடு அதிர்ந்தால் தலையில் அடித்துக்கொள்வோமே... அந்த வூஃபர்தான். அவருடைய தம்பி கார் மாற்றியபோது கழற்றிக் கொடுத்த ஸ்பீக்கர் இரண்டு ரொம்ப நாளாக ஸ்டோரில் தூங்கிக்கொண்டிருந்தன. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இவர் அவற்றை வெளியே எடுத்துத் துடைத்தார். சரி, இந்தத் தடவை கேட் தப்பித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் ரெடிமேட் பெட்டி கிடைக்கும். ஆனால் எங்கள் பழைய காரின் பொனட்டில் – நம் ஊரில் பொனட் என்றால் பின்னால் சாமான் வைக்கிற இடம்தானே – இரண்டு பக்கமும் டயர் மேடு புடைத்துக்கொண்டு நிற்கிறது. எந்தப் பெட்டியும் ஒழுங்காக உட்காராது. அதனால் அளவெடுத்து அவரே செய்வது என்று முடிவாயிற்று. ஐஸ்பெட்டி வந்த அட்டையை வெட்டி, பொனட்டுக்குள் வைத்து, எங்கே மேடு எங்கே பள்ளம் என்று பென்சிலால் கோடு போட்டார். பொனட்டுக்குள் தலையும் வெளியே காலுமாக அவர் கிடந்த கோலத்தைப் பார்த்து, தபால்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி விசாரித்துவிட்டுப் போனார்.

கூட்டாளி, இரண்டு வீடு தள்ளி இருக்கும் அந்தோணி. ஏர்கான் மாட்டுகிற வேலை. அறுக்கிற மெஷின், துளைக்கிற மெஷின் எல்லாம் அவரிடம் உண்டு. எனக்கும் பாடம் நடந்தது.

“ஸ்பீக்கர் பெரிசு இல்லக்கா, பெட்டிதான் பெரிசு,” என்றார் அந்தோணி. “உள்ள எவ்வளவு காத்து நிக்குதுங்கிறதுதான் கணக்கு. ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் போச்சுலா. பாஸ் வராது, புஸ்ஸுன்னுதான் வரும்.”

“எதுவா வேணும்னாலும் வரட்டும். அப்பா காதுல விழக்கூடாது,” என்றேன். வூஃபர் என்று தெரிந்தால் அப்பா சத்தம் போடுவார். சத்தம் போட்டால் பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினால்... என் மனசுக்குத்தான் வழி தெரியுமே.

பலகை அறுப்பதெல்லாம் அந்தோணி வீட்டில். அளவு பார்ப்பதும் பேசுவதும் எங்கள் போர்ச்சில், கார் பக்கத்தில். அப்பாவின் அறை ஜன்னல் போர்ச்சைப் பார்த்தபடிதான் இருக்கிறது. அதனால் எல்லோரும் குசுகுசுவென்றே பேசினோம். எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்கள்.

ஒரு நாள் நான் டீ கொண்டுபோனபோது நடந்த பேச்சு இது. இப்போது எனக்கு மனப்பாடம்.

“அண்ணே, பெட்டி நீளம் எவ்வளவு போட்டிருக்கீங்க?”

“மூணரை அடி.”

“பத்துமா?”

“பத்தும். அதுக்கு மேல போனா வண்டில ஏறாது.”

“உள்ள பஞ்சு வைக்கணும்.”

“வச்சிரலாம். மேல கறுப்புத் துணி ஒட்டிட்டா பாக்க நல்லாருக்கும்.”

“பெட்டி எப்ப எடுக்கிறது?”

“சனிக்கிழமை நாலு மணிக்கு எடுத்திரலாம். மழைக்கு முன்னால.”

“தூக்க ஆளு?”

“தம்பி வாரேன்னான். மாமாவுக்குத் தெரிய வேணாம், மெதுவா பேசு.”

பெட்டி. பஞ்சு. கறுப்புத் துணி. எப்ப எடுக்கிறது. தூக்க ஆளு... இத்தனையும் என் காதில் விழுந்தன. நான் டீக் கிளாஸை நீட்டிக்கொண்டு, “சீனி பத்துமா?” என்று கேட்டேன்.

மறுநாளிலிருந்து அப்பா வேறு ஆளாகிவிட்டார்.

பசாருக்குக் கிளம்பினேன். ஓட்ஸ் தீர்ந்துவிட்டது என்றதும், “பெரிய பாக்கெட் வாங்காத, சின்னது போதும்,” என்றார். மத்தியானம் கைக்கடிகாரத்தைக் கழற்றி, “மாப்ள, இத நீங்க கட்டிக்குங்க,” என்று இவரிடம் கொடுத்தார். ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் மாலாவுக்கு அவரே போன் போட்டு, “சனிக்கிழமை நாலு மணிக்கு முன்னாலயே வந்திரும்மா, மழையில மாட்டிக்காத,” என்றிருக்கிறார். சாப்பாட்டில் கை வைப்பதோடு சரி.

அதற்குப் பிறகுதான் தொட்டியில் மாத்திரையைப் பார்த்தேன்.

“ஏம்ப்பா போடல?”

“கசக்குது.”

“கசந்தாலும் போடணும்லப்பா. கால் வீங்கியிருக்கு பாருங்க.”

“சனிக்கிழமை போகட்டும்மா. அப்புறம் பாக்கலாம்.”

சனிக்கிழமையில் என்ன இருக்கிறது? எனக்குப் பிடிபடவே இல்லை. கிளினிக்குக்குப் போன் செய்தேன். உடனே கூட்டிக்கொண்டு வரச்சொன்னார் நர்ஸ் மிஸ்ஸி. அப்பா கட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்றார். கெஞ்சினேன், திட்டினேன், கடைசியில் அழுதேன். எதற்கும் மசியவில்லை. கோலா கங்சார் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் லாரி ஓட்டிய மனுஷர். அந்தக் காலத்துப் பிடிவாதம். பின்கட்டுக் குழாயடிக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, மாலாவுக்குப் போன் போட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைப்பு.

சனிக்கிழமை வந்தது. மாலாவும் வந்துவிட்டாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அப்பாவைக் காரில் தூக்கிப் போட்டாவது கிளினிக்குக்குக் கொண்டுபோவது என்று திட்டம். மாலா சமையலறையில் இருந்தாள். போர்ச்சில் இவரும் அந்தோணியும் தம்பியும் மூச்சைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கி பொனட்டுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அப்பா அறைக் கதவைத் தள்ளினேன்.

அப்பா குளித்திருந்தார். வெள்ளை வேட்டி. நெற்றி நிறைய திருநீறு. கட்டிலில் நீட்டி நிமிர்ந்து, கை இரண்டையும் நெஞ்சில் வைத்து, கண்ணை மூடிக் கிடந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா இவர் பாட்டைப் போடவேண்டும்? அதுவும் என்ன... உறுமி மேளம். பாஸ் எப்படி என்று பார்க்க உறுமிதான் சரி என்று அந்தோணி சொன்னாராம். ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. கோயில் திருவிழாவில் கேட்டால் ஆட வைக்கும். இங்கே சாவு வீட்டு வாசலிலும் அதே உறுமிதானே அடிக்கிறார்கள்?

அப்பா என்று கூப்பிட்டேன். உறுமியில் அது கரைந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்பா ஒரு கண்ணைத் திறந்தார்.

“வந்துட்டாங்களா?”

“யாருப்பா?” என்றேன்.

“பெட்டி எடுக்கிறவங்க. நாலு மணின்னு பேசிக்கிட்டாங்களே. டாக்டர் நாள் சொல்லிட்டாரு போல, என்கிட்ட மறைக்கிறீங்கன்னு நெனச்சேன். சனிக்கிழமைக்குள்ள போற ஆளுக்கு மாத்திரை எதுக்கு? அதான் விட்டுட்டேன். இன்னும் போகமாட்டேங்குதே, உங்க ஏற்பாடெல்லாம் கெட்டுப்போகுமேன்னு காலையிலேருந்து சங்கடமா இருக்கு.”

அப்பா வாழ்ந்த தோட்டத்தில், எடுப்பதற்கென்று நேரம் குறித்துப் பேசும் பெட்டி ஒன்றுதான், சவப்பெட்டி. எனக்கும் அது தெரியாதா என்ன?

கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன். மாலா ஓடி வந்து இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். இவர் பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தினார். பொனட் திறந்து கிடந்தது. உள்ளே கறுப்புத் துணி ஒட்டிய பெட்டி, டயர் மேட்டுக்கு வளைந்து கொடுத்து, அச்சாக உட்கார்ந்திருந்தது. முகத்தில் இரண்டு வட்ட ஸ்பீக்கர்.

“இதுவா பெட்டி?” என்றார் அப்பா.

“ஆமா மாமா. வூஃபர் பெட்டி. பாட்டுக்கு,” என்றார் இவர். கையெல்லாம் பசை. முகத்தில் ஈயாடவில்லை.

அப்பா பெட்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

“மூணரை அடின்னு கேட்டதுலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. என்னை எப்படி மடிச்சு வைப்பீங்கன்னே புரியல.”

அந்தோணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் மாலாவும் சிரித்தோம். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியாமல் இரண்டு பேரும் அப்பாவைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

அப்பா சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“பெட்டி எனக்கு இல்ல. சரி. குழாயடில நின்னு தங்கச்சிகிட்ட அழுதியே, அது யாருக்கும்மா?”

அந்தோணி எழுந்து, ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு, சொல்லாமலே வீட்டுக்கு நடந்தார்.

அப்பாவின் காலடியில் உட்கார்ந்து சொன்னேன். இருதயம் எவ்வளவு பலவீனமாக இருக்கிறது, ஆபரேஷன் ஏன் முடியாது, மாத்திரையை விட்டால் என்ன ஆகும்... எல்லாவற்றையும். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் முகத்தைப் பார்த்தேன். இதோ நெஞ்சைப் பிடிக்கப்போகிறார், இதோ சாயப்போகிறார் என்று என் உயிர் என் கையில் இல்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு தடவை கண்ணைத் துடைத்தார். அவ்வளவுதான்.

“எவ்வளவு நாளைக்கு ஓடும்?”

“தெரியலப்பா. டாக்டருக்கும் தெரியல. மாத்திரை போட்டா ஓட்டலாம்னாரு.”

“சனிக்கிழமைன்னு சொல்லலயே?”

“இல்லப்பா.”

“இத அன்னிக்கே சொல்லியிருந்தா ஒழுங்கா போட்டிருப்பேன்ல. வீக்கு, ரெஸ்டுன்னு சிரிச்சா நான் என்னத்த நெனைக்கிறது?”

நாங்கள் அவருக்குச் சொன்ன ஒரே விஷயம் பொய் என்று அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. மிச்சத்தை ஜன்னல் வழியாகப் பொறுக்கிக்கொண்டார். அவருக்குக் கிடைத்தது எங்கள் வூஃபர் பேச்சு. நம் வீடுகளில் நோயாளியைத் தவிர மற்ற எல்லோருக்கும் அவர் நோய் தெரியும். பக்கத்து வீட்டுக்குத் தெரியும், கோயிலில் தெரியும், பசாரில் மீன் விற்கிறவருக்குக்கூடத் தெரியும். அதற்குப் பெயர் பாசம் என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

அன்றைக்கே கிளினிக்குக்குக் கிளம்பினோம். கார் சிலிபினைத் தாண்டியது. அப்புறம், “எங்க, போடுங்க மாப்ள, கேப்போம்,” என்றார் அப்பா. இவர் பயந்து பயந்து, சத்தத்தைக் குறைத்து வைத்தார். அப்படியும் நம்பர் பிளேட் கிடுகிடுத்தது. அப்பா கொஞ்ச தூரம் கேட்டார்.

“எங்கயோ காத்து போகுது. புஸ்ஸுங்குது,” என்றார். இவர் முகம் சுண்டிவிட்டது.

டாக்டர் சின்ன வயசுப் பையன். வழக்கம்போல் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நானும் வழக்கம்போல் தலையாட்டினேன். அப்பா மேசையை விரலால் தட்டினார்.

“டொக்டர், யாங் சக்கிட் சாயா. சாக்காப் டெங்ஙான் சாயா.”

நோவு எனக்கு, என்கிட்டப் பேசுங்க என்கிறார். டாக்டர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை அப்பா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, மலாய் மொழியில், முதலிலிருந்து, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

என் கவலை குறைந்ததா என்கிறீர்களா? அட, எங்கே... இப்போது அப்பாவும் என் கூட உட்கார்ந்து கவலைப்படுகிறார், அவ்வளவுதான்.