மக்கிப்போகிற குழாய் தேடி விஸ்வநத்தத்துக்கு

விருதுநகர் ரயில் நிலையத்தில் நான் இறங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் ஒரு பப்பாளிக் கன்று. திருச்சியில் ஏறியதிலிருந்து அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். சிவகாசிக்குப் பட்டாசு வாங்கப் போகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், செடியைத் தூக்கிக்கொண்டு போகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று எதிரில் இருந்தவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் காரணம் கேட்டிருந்தால் சொல்லவும் வந்திருக்காது.

உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன். முசிறியில் எங்களுக்கு ஒரு சின்ன நாற்றுப்பண்ணை இருக்கிறது. நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு ஆட்களும்தான். பப்பாளிதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் பப்பாளி ரொம்ப ரோஷக்காரச் செடி. கருப்புப் பாலிதீன் பையைக் கிழித்து நடும்போது மண் கட்டி உடைந்து ஆணிவேர் லேசாக அறுந்தாலும் போதும், கன்று தலையைத் தொங்கப்போட்டுவிடும். போன வருஷம் வாடிய கன்றுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் கொட்டிவிட்டுப் போனார்கள். எங்களிடம் அதிகம் வாங்குகிற விவசாயி, இந்த ஆடிப் பட்டத்திலும் இப்படி ஆனால் வேறு பண்ணைக்குப் போய்விடுவேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அவர் போனால் அவரோடு நாலு கிராமமும் போகும்.

பையே இல்லாமல் வளர்த்தால் என்ன என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். அடி திறந்த காகிதக் குழாயில் மண்ணை நிரப்பி விதை ஊன்ற வேண்டும். கன்று வளர்ந்ததும் குழாயோடு சேர்த்துக் குழியில் இறக்கிவிட வேண்டும். காகிதம் மண்ணுக்குள் மக்கிவிடும், வேரை யாரும் தொடவேண்டியதில்லை. காகிதக் குழாய்க்கு எங்கே போவது? வானத்தில் போய் விரிகிற வெடிகளுக்கு மூன்று அங்குல அகலக் குழாய்கள் சிவகாசிப் பக்கம் உருட்டுகிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். யோசனை அவருடையது, அலைச்சல் என்னுடையது. எங்கள் வீட்டில் வழக்கமே அதுதான்.

இதெல்லாம் நடந்தது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு பங்குனியில். விருதுநகரில் இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். கடைத்தெருவில் மிளகாய் வற்றல் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் தும்மிய தும்மலில் வாளியிலிருந்த மண் பாதி கொட்டிவிட்டது. சிவகாசி முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பஸ்ஸுக்கு ஒன்பது ரூபாய். ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகப் போனோம். இரண்டு பக்கமும் வேலிக்கருவை, காய்ந்த கரிசல், நடுநடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்னப் பட்டாசு ஆலை அறைகள். ஒரு வாய்க்கால்கூடக் கண்ணில் படவில்லை. காவிரிக்கரைக்காரிக்கு இந்த ஊரில் என்ன வேலை என்று எனக்கே தோன்றியது.

பத்து மணிக்குச் சிவகாசியில் ஜமால் பாயின் கடையில் இருந்தேன். காகிதமும் அட்டையும் குழாயும் மொத்த வியாபாரம். கடைக்குள் மூன்று அங்குலக் குழாய்கள் உத்தரம்வரை அடுக்கியிருந்ததைப் பார்த்ததும், வந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன். எவ்வளவு அவசரப்பட்டுவிட்டேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"எந்தக் கம்பெனிம்மா?" என்றார் பாய்.

"கம்பெனி இல்லீங்க. நாற்றுப்பண்ணை. பப்பாளிக்கன்று வளர்க்க வேணும்."

அவர் என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "லைசென்ஸ் இல்லாத ஆளுக்கு இந்த டியூப்பக் குடுத்து, அவுக எங்கனயாவது வீட்டுக்குள்ள வச்சு வெடிமருந்த அடைச்சு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா போலீசுக்காரவுக என் கடைக்குத்தான் வருவாக. வேணாம்மா."

"மருந்தெல்லாம் அடைக்க மாட்டேன், மண்ணுதான் அடைப்பேன்" என்று சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அங்கே குழாயின் அடியை மண்ணால்தான் அடைப்பார்களாம். இவளுக்குத் தொழில் தெரியும் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

பிறகு அவருக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. குழாய் எந்த ஊரில் உருட்டுகிறார்கள், வீட்டில் எத்தனை பேர் உருட்டுகிறார்கள் என்று நான் விசாரித்ததுதான் காரணம். சட்டென்று நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார், டீ சொன்னார், 'மேடம்' என்று அழைக்க ஆரம்பித்தார். பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று சோதிக்க வந்த அதிகாரி நான் என்று நினைத்துவிட்டார்! ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் திருட்டுப் பட்டாசுக்காரியாகவும் சர்க்கார் அதிகாரியாகவும் இருந்து பார்த்துவிட்டேன். நான் யார் என்று எனக்கே கொஞ்சம் குழம்பியது உண்மை.

"இது ஆண் செடியா, பெண் செடியா?" என்று வாளியைக் காட்டிக் கேட்டார். சோதித்துப் பார்க்கிறார் போலிருக்கிறது.

"பூ வைக்கிற வரைக்கும் தெரியாதுங்க."

"செடி விக்கிறவுக உங்களுக்கே தெரியாதா?"

"பப்பாளியில யாருக்குமே தெரியாதுங்க" என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மண் காய்ந்திருக்கிறதா என்று பழக்கத்தில் வாளிக்குள் விரலை விட்டேன். காய்ந்துதான் இருந்தது. எனக்குக் குடிக்க வைத்த தம்ளர் தண்ணீரை அப்படியே செடிக்கு ஊற்றினேன். பாய் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வேசம் கட்டுற ஆளு இந்த வெயிலுல குடிக்கிற தண்ணிய ஊத்த மாட்டாக" என்று சிரித்தார். அதன்பிறகுதான் பேச்சு சரியாக நடந்தது. கடையில் இருப்பதெல்லாம் கம்பெனி ஆர்டர் என்பதால் தர முடியாது என்றும், விஸ்வநத்தத்தில் மாரித்தாய் என்று ஒரு பெண் நன்றாக உருட்டுவாள், அவளிடம் கேளுங்கள் என்றும் சொல்லி, ஆட்டோவையும் அவரே பிடித்துக் கொடுத்தார். கன்றை மட்டும் தன் வீட்டுக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். மாதிரிக்குக் கொண்டுபோன செடியை ஆரம்பத்திலேயே பறிகொடுத்துவிட்டு, வெறும் வாளியோடு விஸ்வநத்தம் போனேன்.

ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய். ஓட்டி வந்தவர் வழியெல்லாம் பாதி விலைக்குப் பட்டாசு வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டே வந்தார். தெருவுக்குள் ஆட்டோ நுழைந்ததும் இரண்டு வீட்டுக் கதவுகள் சாத்திக்கொண்டன. மூன்றாவது வீட்டு வாசலில் தகரக் கொட்டகை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முன்னால் மரப்பலகை, கையில் இரும்புத் தடி, பக்கத்தில் பசைச் சட்டி. முப்பத்தைந்து வயது இருக்கும். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் முந்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுப் பிள்ளைக பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்குக்கா. வேணும்னா அங்கனயே போயிக் கேட்டுக்கோங்க."

அதிகாரி வேஷம் என்னை விடாது போலிருக்கிறது. ஜமால் பாய் அனுப்பினார் என்று சொன்னதும்தான் மாரித்தாய் முகம் இளகியது. "உக்காருங்க, சாப்பிட்டீகளா?" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். மூன்று அங்குல அகலம், ஆறு அங்குல உயரம், அடியும் தலையும் திறந்திருக்க வேண்டும், உள்ளே மண், தினமும் தண்ணீர் ஊற்றுவோம். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். "தினமும் தண்ணியா?" என்று ஒரு தடவை மட்டும் திருப்பிக் கேட்டாள். "நீங்க கவலப்படாதீக, நாலு டியூப்பு உருட்டித் தாரேன், பாருங்க" என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினாள்.

பழுப்புக் காகிதத்தைத் தடியில் சுற்றி, பசை தடவி, பலகைக்கு அடியில் வைத்து உருட்டி, இழுத்து எடுத்து வெயிலில் நிறுத்தினாள். வெயிலைப் பற்றிக் கேட்க வேண்டாம். மூன்று மணிக்கெல்லாம் குழாய்கள் காய்ந்துவிட்டன. ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். மூங்கில் மாதிரி டங்கென்று சத்தம் கேட்டது. மாரித்தாய் அதில் தண்ணீரை ஊற்றி, அடியைக் கையால் பொத்திக்கொண்டு, பெருமையாக நீட்டினாள்.

"ஏழு சுத்துக்கா. பசையில துத்தம் கூடவே போட்டுருக்கேன். வருசக்கணக்கா தண்ணி ஊத்துங்க, நமத்துப்போகவே போகாது."

பசைச் சட்டியை எட்டிப் பார்த்தேன். நீலமாக இருந்தது. மயில்துத்தம். பூச்சி அண்டாமல், பூஞ்சை பிடிக்காமல் இருக்க அங்கே பசையில் கலக்கிறார்கள். நாங்களும்தான் அதைச் சுண்ணாம்போடு கரைத்து நாற்று அழுகல் நோய்க்கு ஊற்றுகிறோம். ஆனால் இளவேர் நாள் முழுக்க அதை உரசிக்கொண்டே இருந்தால் நுனி கருகிவிடும். அதைவிடப் பெரிய கஷ்டம், இந்தக் குழாய் மக்காது. மக்காத குழாய்க்குள் வேர் சுற்றிச் சுற்றி வந்து செடி மூச்சு முட்டிப் போகும்.

"மாரித்தாய், எனக்கு நமத்துப்போகிற குழாய் வேணும்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"நமத்துப்போன டியூப்ப ஆரு வாங்குவா? ஈரம் பட்டுருந்தாலே மொத்த லோடையும் திருப்பி அனுப்பிருவாகளே."

"மண்ணுக்குள்ள போனதும் மக்கி மண்ணாயிடணும்."

"அப்பம் எதுக்குக்கா டியூப்பு? சும்மா மண்ணுலயே நட வேண்டியதுதான?"

நியாயமான கேள்விதான். தரையில் கோடு போட்டு வேர், குழி, நடவு எல்லாவற்றையும் விளக்கினேன். அவளுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். ஆனால் கை கேட்கவில்லை. துத்தம் இல்லாமல் புதிதாகப் பசை காய்ச்சினாள், பழைய செய்தித்தாளை இரண்டே சுற்று உருட்டினாள். உருட்டும்போதே அவள் முகம் கோணிக்கொண்டு போயிற்று. தண்ணீர் ஊற்றியதும் குழாய் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டது. அடுத்தது பழுப்புக் காகிதம், மூன்று சுற்று, வெறும் மைதாப் பசை. அது ஊறி மெதுத்தாலும் நின்றது.

"எத்தன நாளு நிக்கணும், எத்தனாவது நாளு மக்கணும், அதச் சொல்லுங்க. அதுக்குத் தக்கன உருட்டுதேன்" என்றாள்.

செல்போனில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "நடுத்தரமா இருக்கட்டும்" என்றார். இந்தப் பதிலுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்! கன்று நடவுக்குத் தயாராக நாற்பத்தைந்து நாள் ஆகும், அதுவரை நிற்க வேண்டும், அப்புறம் மக்க வேண்டும் என்று நானே சொன்னேன். அந்தக் குழாய் அத்தனை நாள் தாங்குமா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கொட்டகையில் இரண்டு பேரும் ஈரக் காகிதத்தை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அவள் கேட்டாள், "இது சீசன் வேலையா, வருசம் பூராவும் இருக்குமாக்கா?"

பப்பாளி, முருங்கை, கொய்யா என்று ஏதாவது ஒன்று வருஷம் முழுக்க இருக்கும், குழாய் சரிப்பட்டால் மாதாமாதம் வேண்டியிருக்கும், எங்களைப் பார்த்து மற்ற பண்ணைக்காரர்களும் கேட்பார்கள் என்றேன். அவள் கை நின்றுவிட்டது. "அப்பம் எங்க வீட்டுக்காரரும் இங்கனயே இருந்து உருட்டலாம். ரெண்டு ஆளுக்கும் வேல கெடைக்குமுல்ல?" என்றாள். அவர் இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டேன். "மருந்து ரூமு" என்றாள். மருந்து கலக்கிற அறைகளை ஏன் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள் என்பது அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் தெரியும்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் வீட்டுக்காரர் பாண்டி வந்தார். சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தபிறகும் நகக்கண்ணெல்லாம் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னியது. மாரித்தாய் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஈரக் குழாயை வாங்கிப் பார்த்தார், காய்ந்ததைப் பார்த்தார், சிரித்தார். "மக்குற டியூப்பு கேக்குற ஆள இன்னைக்கித்தான் பாக்கேன்" என்றார். பிறகு, "இது சரிப்படுமான்னு எப்பம்மா தெரியும்?" என்று கேட்டார்.

"விதை முளைச்சு, கன்று வளர்ந்து, நட்டுப் பார்த்தால்தான் தெரியும். நடவு வரைக்குமே நாற்பத்தைந்து நாள்."

"அம்புட்டு நாளும் நான் அங்கனதான போகணும்" என்றார் பாண்டி. சாதாரணமாகத்தான் சொன்னார். மாரித்தாய் சட்டென்று எழுந்து பசைச் சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

மூன்று சுற்றில் நாற்பது, நான்கு சுற்றில் நாற்பது என்று சாயங்கால வெயிலுக்குள் உருட்டி உலர்த்தியிருந்ததை வாளியிலும் சாக்கிலும் அடுக்கிக் கொடுத்தாள். எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை, ஆர்டர் வரட்டும் என்றாள். ஆட்டோ கிளம்பும்போது பக்கத்தில் ஓடி வந்தாள். "அக்கா, வெத முளைக்காமப் போனா டியூப்பு மேல பழியப் போட்டுராதீக. இன்னொருக்க உருட்டித் தாரேன்னு சொன்னேன்னு உங்க வீட்டு அண்ணன்கிட்டச் சொல்லுங்க." தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலையில் முசிறி வந்து சேர்ந்தேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் விதை போட்டால் மறந்துவிட்டு வேறு வேலை பார்ப்போம். முளைத்தால் முளைக்கட்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம். இருபது வருஷமாக நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன். ஒரு விதை முளைக்க எடுத்துக்கொள்கிற நாளை நினைத்து எனக்குப் பயம் வந்தது அன்றுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை, நாள் நன்றாக இல்லை, நாளைக்குப் போடலாம், முதலில் குளித்துச் சாப்பிடு என்றார் வீட்டுக்காரர். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குழாய்களை நிழல்வலைக்குள் வரிசையாக நிறுத்தி, மண்ணை நிரப்பி, அவர் ஊறவைத்திருந்த விதையை ஊன்ற ஆரம்பித்தேன். என்ன அவசரம் என்று அவர் குழம்பிப்போய்க் கேட்டார்.

"இன்றைக்கே போட்டால் அந்த மனுஷன் மருந்து ரூமுக்குப் போகிற நாளில் ஒன்று குறையும்" என்றேன்.