அடுப்பில் போட்டுப் பார்த்த வெள்ளைத் தூள்

அந்தத் தை மாதம் எங்கள் கிணற்றில் ஒரு நாளைக்கு நாலு குடம் தண்ணீர் ஊறினாலே பெரிது. எண்பதுகளில் வந்த வறட்சி அது. ஐப்பசி மழை பொய்த்து, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை கொடியோடு கருகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு பாத்தி மிளகாய் நாற்று. அதுவும் போனால் நிலத்தை விற்றுவிட்டுப் பாண்டிச்சேரி மில்லு வேலைக்குப் போவதென்று என் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார்.

நாங்கள் ஒலக்கூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். பூச்சி புழுவுக்கும் தீங்கு நினைக்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள். அந்த மண்ணை விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. ஊர்க் கோயிலில் எங்கள் காவல் தெய்வம் தருமதேவி முன்னால் நின்று அழுதேன்.

"அம்மா, இந்தச் செடி காய்க்கிற வரைக்கும் நான் உப்பு சேத்துக்க மாட்டேன். தண்ணிக்கு ஒரு வழி காட்டு."

வாயை அடக்கத் தெரியாதவள் நான். நாக்கை அடக்குவது எனக்குப் பெரிய விரதம். உப்பில்லாக் கூழைக் குடித்துவிட்டுத் தினமும் வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம்கூட இல்லை.

பத்தாம் நாள் விவசாய ஆபீசர் ஒருவர் சைக்கிளில் வந்தார். சின்ன வயசு. அவர் பையில் சர்க்கரை மாதிரி வெள்ளைத் தூள் இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, அதில் ஒரு ஸ்பூன் போட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் காணாமல் போய், சொம்பு நிறைய நுங்கு மாதிரி தளதளவென்று நின்றது.

"இது ஜெல்லிங்க. தண்ணியக் குடிச்சி வச்சிக்கினு, வேர் கேக்கக் கேக்கக் குடுக்கும்" என்றார்.

ஜெல்லி என்றதும் எனக்கு உடம்பு கூசிவிட்டது. திண்டிவனத்துக் கடையில் விற்கும் ஜெல்லி மிட்டாயை எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு வாங்கித் தரமாட்டோம். எலும்பைக் காய்ச்சிச் செய்வது என்று பேச்சு.

"எலும்புத் தூள எங்க நெலத்துல போடுறதா? எடுத்துக்கினு கெளம்புங்க சார்."

அவர் கோபப்படவில்லை. "எலும்பு இல்லம்மா. மக்காச்சோள மாவுல பண்றாங்க. ரெண்டு மூணு போகத்துல தானா மக்கி மண்ணாயிடும். யோசிச்சிப் பாருங்க" என்று பையை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. நாற்று தலை சாய்ந்தது. வீட்டுக்காரர்தான் குத்திக் காட்டினார்.

"வழி காட்டுன்னு கேட்ட. வழி வாசல்ல குந்திக்கினு கீது. நீ வானத்தப் பாத்துக்கினு கீற."

சுருக்கென்றது. ஒரு பிடி எடுத்து அடுப்புத் தணலில் போட்டேன். எலும்பாக இருந்தால் மயிர் பொசுங்குகிற நாற்றம் வரும் என்று எனக்குத் தெரியும். வந்ததோ தோசை தீய்ந்த வாசனை. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா அனுப்பிய உதவியை விரட்டப் பார்த்தேனே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் குழிக்கு ஒரு சிட்டிகை தூளை மண்ணில் கலந்து, நாற்றை நட்டு, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினோம். பிறகு எட்டு நாளைக்கு ஒரு சொம்புதான். தூள் போதாமல் போன கடைசி இரண்டு வரிசை மாசியைத் தாண்டவில்லை. மற்றதெல்லாம் அந்த வெயிலிலும் பச்சையாக நின்றது. இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் வீட்டு அடுப்பு என்றும் அணையக்கூடாது.

பங்குனியில் ஒரு செடியோரம் மெல்லக் கிளறிப் பார்த்தேன். சுற்றி மண் ஓடு போலக் காய்ந்திருந்தது. உள்ளே அந்த ஜெல்லியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வேர்கள். பக்கத்தில் ஒரு மண்புழு, ஈரமாக, உயிரோடு. என் செடிக்குத்தான் தண்ணீர் கேட்டேன். கேட்கத் தெரியாத அதற்கும் சேர்த்து அம்மா கொடுத்திருந்தாள். வலிக்காமல் மண்ணை மூடினேன்.

சித்திரைக் கடைசியில் முதல் காய் பறித்தோம். கேப்பைக் கூழில் உப்புப் போட்டு, பச்சை மிளகாயைக் கடித்தேன்.

"இன்னாமே, கண்ணு கலங்குது?" என்றார் வீட்டுக்காரர்.

"காரம்" என்றேன். பொய்தான். அம்மா மன்னிப்பாள்.

நிலம் இன்றும் எங்களுடையதே. நீங்களும் நம்பிக் கேளுங்கள். ஆனால் மழையாகத்தான் வரவேண்டும் என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வாசலில் என்ன வந்திருக்கிறது என்றும் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு பிடி அடுப்பில் போட்டுப் பாருங்கள், தப்பில்லை. நான் செய்ததுபோல் கெளம்புங்க என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.