மயிரிழை மாப்பிள்ளை

என் தங்கை மகளுக்கு வரன் வந்தபோதுதான் அந்தப் பெயரை முதலில் கேட்டேன். "பையனை அச்சகத்துல மயிரிழைன்னுதான் கூப்பிடுவாங்க" என்றாள் தங்கையின் நாத்தனார்.

"இது பேரா, வசவா?" என்றேன்.

கம்ப்யூட்டரில் பக்கம் கோக்கிற வேலையாம். "இன்னும் ஒரு மயிரிழை தள்ளணும்" என்று எழுத்துக்கு எழுத்து இடம்விட்டு நகர்த்திக்கொண்டே இருப்பாராம்.

கல்யாணம் ஆனதும், கோத்த பக்கங்களை என்னிடம்தான் படிக்கத் தருவார். வீட்டில் இத்தனை பட்டதாரிகள் இருக்க என்னையா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தங்கைதான் போட்டு உடைத்தாள்: "நீதான்க்கா எழுத்துக்கூட்டிப் படிக்கிறவ. நீ திக்காம போனா ஊரே படிச்சிடும்னு கணக்கு."

ஒருசமயம் கண் மங்கினவர்களுக்கென்று ஒரு கதைப்புத்தகம் அச்சுக்கு வந்தது. மாப்பிள்ளை எழுத்துகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டுக் கோத்தார். பக்கம் கூடியது முதலாளிக்குப் பொறுக்கவில்லை. எங்கிருந்தோ சும்மா கிடைத்த ஓர் எழுத்துருவைப் போட்டு நெருக்கச் சொன்னார். அதில் புள்ளி மேல்வரியில் போய் ஒட்டிக்கொள்ளும், சுழியெல்லாம் மை அடைத்துக்கொள்ளும். மாட்டேன் என்றால் வேறு ஆள் பார்ப்பாராம். தங்கை மகளோ முழுகாமல் இருந்தாள்.

"எங்க பெரியம்மா ரெண்டையும் படிக்கட்டும் ஐயா. அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றார் மாப்பிள்ளை.

அவருக்கு வேலை போய்விடுமே என்ற பயம். எனக்கு முதலாளி முன்னால் மானம் போய்விடுமே என்ற பயம். வீட்டில் கிடந்த அந்தக் கதைத் தாளைத் தங்கை மகளிடம் கொடுத்து, திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டு, கதையை உருப்போட்டுவிட்டேன்.

முதலாளி நெருக்கிய பக்கத்தை நீட்டினார். மடை திறந்தாற்போலப் பொழிந்தேன்.

"பாத்தியா மயிரிழை? அம்மா ரயிலா ஓடுறாங்க!"

மாப்பிள்ளை முகம் செத்துவிட்டது. நானாவது நிறுத்தினேனா? பக்கம் முடிந்தும் வாய் முடியவில்லை.

"அம்மா, தாளு எப்பவோ முடிஞ்சு போச்சு. எதைப் பாத்துப் படிக்கிறீங்க?" என்றார் முதலாளி.

"பெரியம்மா..." என்று தலையில் அடித்துக்கொண்டார் மாப்பிள்ளை.

முதலாளி சிரித்துக்கொண்டே வேறு கதையை எடுத்தார். நெருக்கிய பக்கத்தில் இரண்டாவது வரியிலேயே நொண்டியடித்து உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை இடம்விட்டுக் கோத்த அடுத்த பக்கத்தில் நத்தையாகத்தான் போனேன், ஆனால் விழாமல் போய்ச் சேர்ந்தேன்.

முதலாளி இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பக்கம் கூடினா கூடட்டும்ப்பா. இவங்களே படிச்சிட்டாங்க, இனி யாருக்கு என்ன கஷ்டம்!"

என் ஆயுசில் நான் வாங்கிய ஒரே பட்டம் அதுதான்.

மாப்பிள்ளை இப்போதும் அதே அச்சகத்தில்தான் இருக்கிறார். மாடி அறையில், பெரிய எழுத்துப் புத்தகங்களுக்குப் பக்கம் கோக்கிறார்.