புளி விட்ட கோழிக்கறி

போன வருஷம் ஐப்பசி மழை நேரத்தில், நாகர்கோவில் பக்கம் எங்கள் ஊரில் நடந்தது. என் மருமகள் டெங்கு காய்ச்சலில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். மகன் மஸ்கட்டில். லீவு கிடைக்கவில்லை. காய்ச்சல் விட்டும் அவளுக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. இப்படியே போனால் மறுபடியும் படுக்கையில் போட்டு குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நாங்கள் சைவக் குடும்பம். அவள் மார்த்தாண்டம் பக்கம். கோழியும் மீனும் தின்று வளர்ந்த பெண். மகன் விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தான். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட இது வேண்டும், அது வேண்டும் என்று அவள் கேட்டதில்லை. அன்றைக்கு அவள் போனில் தன் அக்காளிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது.

“அம்மை வைக்கிய கோழிக்கறி ஒரு வாய் தின்னா எழும்பிருவேன்க்கா.”

அவளுடைய அம்மை இறந்து நாலு வருஷமாகிறது. எனக்கு நெஞ்சு கேட்கவில்லை. நானே வைக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

“ஒங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? என் அடுக்களைக்குள்ள மட்டும் கொண்டு வரப்பிடாது, பாத்துக்கிடுங்க” என்றாள்.

பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லையே! அதுவே போதும் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கோழிக்கடையில் என் மானம் போயிற்று. “முத்தாததா, பிஞ்சா பாத்துக் குடுங்க” என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “அண்ணாச்சி, இது வெண்டைக்கா இல்ல” என்றார். பிறகு விஷயத்தைக் கேட்டு, இளங்கோழியாகப் பார்த்து வெட்டித் தந்தார். தேங்காய் வறுத்தரைத்து, தண்ணீர் அதிகம் விடாமல், மூடி போட்டுச் சின்னத் தீயில் வேகவிடச் சொன்னார்.

வறுத்தரைப்பது எனக்குப் புதிதில்லை. தேங்காய் வறுத்தரைத்துப் புளி விட்டு வைக்கும் தீயல் குழம்பில் சொந்தபந்தத்துக்குள் எனக்கு நல்ல பேர். கிணற்றடிச் சாய்ப்புக் கூரைக்குக் கீழே கல் கூட்டி, புதுச் சட்டியை ஏற்றினேன்.  முகத்தைத் திருப்பிக்கொண்டே கறியைக் கழுவினேன். மிளகாயைக் குறைத்து, நல்லமிளகைக் கூட்டி, தேங்காயைக் கருக்க வறுத்து, வழுவழுவென்று அரைத்துச் சேர்த்தேன். மணம் வந்ததும் தீயல் நினைப்பில் கை பாட்டுக்குப் புளியைக் கரைத்து ஊற்றிவிட்டது!

கோழிக்கறிக்கு யாராவது புளி விடுவார்களா? ருசி பார்க்கலாம் என்றால் அதுவும் முடியாது. வேர்த்துப்போய் நின்றேன்.

பின்வாசலில் மனைவி நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். எங்கள் வீட்டில் சாமிக்குப் படைக்கும் எதையும் முன்னால் ருசி பார்க்கக் கூடாது. முப்பத்தைந்து வருஷமாக ஆவி மணத்திலேயே உப்புச் சொல்கிறவள் அவள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தவள், தலைப்பை எடுத்துவிட்டு ஒரு மூச்சு இழுத்தாள்.

“உப்பு காணாது. ரெண்டு நுள்ளு போடுங்க. புளி கூடிப்போச்சு, ஒரு துண்டு கருப்பட்டியும் போடுங்க.”

போட்டேன். அரை மணி நேரம் மூடியே வேகவிட்டேன். எண்ணெய் தெளிந்து மேலே வந்தது.

மருமகள் கட்டிலில் உட்கார்ந்து முதல் வாய் எடுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் கதவோரம் பரீட்சை எழுதிய பிள்ளைகள் மாதிரி நின்றோம். அவள் மென்றாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“மாமா, புளி விட்டியளா?”

“விட்டுட்டேன் மக்களே” என்றேன்.

“எங்க அம்மை வைக்கிய கறி இப்படி இருக்காது. இது நம்ம வீட்டுக் கறி” என்று சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே தட்டைக் காலி பண்ணினாள். பிறகு, “இன்னும் கொஞ்சம் சோறு” என்று கேட்டாள். அதை எடுத்துவர என் மனைவிதான் ஓடினாள்.

அந்தச் சட்டி கொஞ்ச நாள் கிணற்றடியில்தான் கிடந்தது. இப்போது அடுக்களை அலமாரியில், கீழ்த்தட்டில் இருக்கிறது. எடுத்து வைத்தது நான் இல்லை. ஆபீசில் முப்பத்தாறு வருஷம் உழைத்து எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன். ஆனாலும் நாக்கில் ஒரு சொட்டுப் படாமல் நாங்கள் இருவரும் வைத்த அந்தக் கறிக்கு அவள் இரண்டாம் முறை சோறு கேட்டதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் நெஞ்சு நிமிர்கிறது.