ரோஜாவின் காது

மாட்டின் காதில் மஞ்சள் வில்லை பூட்டும் இடுக்கி ஒன்று எப்போதும் என் கைப்பையில் கிடக்கிறது. அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். மாடு ஒரு தடவை தலையை உதறும், அவ்வளவுதான். கால்நடை மருத்துவராக எத்தனையோ காதுகளில் பூட்டியிருக்கிறேன். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் திருவான்மியூர் பால்கார அக்காதான் நினைவுக்கு வருகிறார்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், தகரக் கூரையின் கீழ் அவர் ஒரே ஒரு மாடு வளர்த்தார். அரசு மானியத்தோடு கிடைத்த கடனில் வாங்கியது. கணவர் போன பிறகு அந்தப் பாலை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது. மானிய மாடு என்றால் காப்பீடு கட்டாயம். காப்பீடு என்றால் காதில் எண் போட்ட வில்லை கட்டாயம். நான் இடுக்கியோடு போய் நின்றபோது மாட்டின் நெற்றியில் சந்தனம், கழுத்தில் கதம்பம், பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பொட்டுக்கடலையும் வெல்லமும். "இன்னா டாக்டரம்மா, பொண்ணுக்குக் காது குத்தறோம், வெறுங்கையோட வந்துக்கீறே? மாமன் சீரு எங்க?" என்றார். சந்தே சிரித்தது. விட்டாரா என்ன? என் சாப்பாட்டுப் பையிலிருந்த ஆப்பிளை மாட்டுக்குக் கொடுக்க வைத்த பிறகுதான் காதைத் தொட விட்டார். ரோஜா என்று பெயர். அந்த வழியாகப் போகும் ஆட்டோக்காரர்கூட "இன்னா ரோஜா, கம்மல் ஜோரா கீது" என்று சொல்லிவிட்டுப் போவார்.

போன மழைக்காலத்தில் ரோஜா வயிறு உப்பிப் படுத்துவிட்டது. தெருவில் மேய்ந்த வயிறு, உள்ளே எல்லாம் பிளாஸ்டிக் பை. என்னால் காப்பாற்ற முடியவில்லை.

இழப்பீடு வேண்டுமானால் வில்லையை முழுசாக ஒப்படைக்க வேண்டும். ஒருமுறை பூட்டினால் அது கழலாது. காதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பணமும் இல்லை, அடுத்த மாடும் இல்லை, கடன் மட்டும் நிற்கும். உயிரோடிருக்கும் மாட்டுக்குப் பணம் கேட்கும் ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கப் போட்ட விதி என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? விதியைப் போட்டவரை இழுத்து வந்து அந்த ஈரத் தரையில் நிறுத்த வேண்டும்போல் ஆத்திரம் வந்தது.

"குத்தின கையாலயே அறுப்பியா டாக்டரம்மா?" என்று கேட்டார் அக்கா. செத்த மாட்டை எடுத்துப்போக வந்த மாநகராட்சி வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்தது. அவர் ரோஜாவின் முகத்தை முந்தானையால் துடைத்தார். "அறுத்துக்கோ. பொழைக்கணுமே. ஆனா காத எங்கிட்ட குட்த்துடு."

அறுத்தேன். வில்லையை எடுத்துக்கொண்டு காதை அவர் கையில் கொடுத்தேன். கொட்டகை ஓரத்து முருங்கை மரத்தடியில் மஞ்சள், குங்குமம் வைத்துப் புதைத்தார். மீதி உடம்பை வண்டி ஏற்றிக்கொண்டு போயிற்று.

போன வாரம் அதே சந்துக்கு அதே இடுக்கியோடு போனேன். இழப்பீடு வந்து கடன் தீர்ந்து, மானியத்தில் இன்னொரு மாடும் வந்திருந்தது. நல்ல கறுப்பு, துறுதுறுவென்ற கண். மறக்காமல் ஒரு சீப்பு வாழைப்பழமும் பூவும் வாங்கிப் போயிருந்தேன். சந்தனம் இல்லை, வெல்லம் இல்லை. அக்கா பழத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். 'டக்' என்ற சத்தம் கேட்டு முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார்.

"என்ன பேர் வச்சிருக்கீங்க அக்கா?" என்று கேட்டேன்.

அவர் மாட்டின் முகத்தைப் பார்க்காமலே வைக்கோலை உதறிப் போட்டார்.

"அதான் நம்பர் போட்டுட்டியே."